இறைக்கக் கூடாத கிணறு

செயலமர்வு நடத்துகிறவனுக்கு முதலில் வேண்டியது அறிவு இல்லை, மண்வெட்டி. அறிவு பஸ்ஸில் வந்து இறங்கும். மண்வெட்டியை நாம்தான் வீடு வீடாக இரவல் வாங்க வேண்டும். பிடி கழன்றால் ஏச்சும் நமக்குத்தான். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் மாட்டியிருந்தால் நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நிழலுக்குத் தரப்பாள் கட்டியிருப்பீர்கள். தேத்தண்ணிக்குச் சீனி தேடி அலைந்திருப்பீர்கள். காலையில் வரச் சொன்ன சனத்துக்காக மத்தியானம் வரை வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். நமக்கெல்லாம் ஒரே வருத்தம்தான்.

நான் பழுகாமத்து ஆள். சங்கத்துப் பசளைக் களஞ்சியத்தில் உரமூட்டைக் கணக்குப் பார்த்து ஓய்ந்தவன். சுனாமியில் கடல் வந்து போன பிறகு, கெட்டுப்போன நிலத்தை இயற்கை முறையில் தேற்றப் பழக்குவதற்கு ஒரு சின்ன அமைப்பு மட்டக்களப்புக்கு வந்தது. சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேடினார்கள். எனக்கு வாய் குறைவு, கோபம் கூடுதல். ஆனால் என் கையில் சாமான் தொலையாது. எடுத்துக்கொண்டார்கள். பேர்மாகல்ச்சர் என்று பெயர் சொன்னார்கள். நாக்கு புரளவில்லை. நிலத்தோடு சண்டை பிடிக்காமல் பயிர் செய்வது என்று போகப் போக விளங்கிற்று.

தென்னை மட்டும் நின்ற வளவு

முதல் செயலமர்வு கல்லடியில், மலரின் வீட்டு வளவில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். மலரின் புருசனைக் கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டில் அத்திவாரம் மிச்சம். மகள் சுதா மிச்சம். முருங்கை, பலா, மா எல்லாம் நின்ற இடத்திலேயே கரிந்திருந்தன. தென்னை மட்டும் ஒன்றும் நடவாததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. அரசாங்கம் கரையோரத்தாரைக் கடலைவிட்டு உள்ளே, குடியேற்றத் திட்டத்துக்குப் போகச் சொன்னது. மலர் அசையவில்லை. எங்கள் மாவட்டத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். தாய் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு மூலையில் ஒரு குடிலுக்கு ஒதுங்குவாள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். மலருக்கு அவள் தாய் கொடுத்த வளவு அது. சுதாவுக்கு அவள் கொடுக்க வேண்டும். கிராம சேவகர் நல்ல மனிதர், அடுத்த மாரி முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் தண்ணீராக வேண்டும். இல்லாவிட்டால் வளவும் இல்லை, மகளுக்குச் சீதனமும் இல்லை.

பயிற்றுநர் ரஞ்சினி மிஸ். வந்தாறுமூலைக் கம்பஸில் மண்ணைப் பற்றிப் படித்தவர். வந்த சனத்தில் பாதிப் பேர் நிவாரணப் பொதி கொடுப்பார்கள் என்று வந்தவர்கள். மிஸ் அவர்களை வட்டமாக இருத்தி, ஆளுக்கு ஒரு பிடி மணல் அள்ளச் சொன்னார். அள்ளினார்கள். நாக்கில் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் துப்பினார்கள். பின்னால் நின்ற தோணிக்காரர் அருமைத்துரை மட்டும் துப்பாமல் மென்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், இத மீனுக்குத் தடவினா நல்ல கருவாடு வரும். நீங்க இதுல கத்தரியா நடப்போறீங்க?"

பம்ப் வந்த நாள்

அந்த மாதங்களில் கிணறு சுத்தம் செய்யும் குழுக்கள் ஊர் ஊராக வந்தன. நல்ல பிள்ளைகள். வெயிலில் வெந்து வேலை செய்தார்கள். மலரின் கிணற்றை முன்பே ஒரு தரம் இறைத்திருந்தார்கள். ஊறிய தண்ணீர் கூடுதலாகக் கரித்தது. பிறகும் இறைத்தார்கள். இன்னும் கரித்தது. போதுமான அளவு இறைக்கவில்லை என்று முடிவுகட்டி, பெரிய பம்ப் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மிஸ் குறுக்கே போய் நின்றார். "இந்த மணலுக்கு அடியில முழுக்க உப்புத் தண்ணி. மழைத்தண்ணி அதுக்கு மேல எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டு நிக்கிது. மேல உள்ளத எடுத்தா அடியில உள்ளது ஏறி வரும்" என்றார். குழுக்காரர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் நம்பிக்கை வரவில்லை. தண்ணீருக்குமேல் தண்ணீர் மிதக்குமா?

மலர் நம்பினாள். போய்க் கிணற்றுக்கட்டில் ஏறி, காலை உள்ளே தொங்கப்போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். "ரெண்டு தரம் இறைச்சீங்க, ரெண்டு தரமும் கூடிச்சு. இன்னொருக்கா பாக்கிறதுக்கு நான் என்ன விசரியா?" என்றாள். குழாயைப் போட இடம் இல்லை. ஆளைத் தூக்கவும் முடியாது. குழுவின் பொறுப்பாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். லொறியில் ஏறும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்: "ஐயா, ஊர் முழுக்க எங்கட கிணத்த இறைங்க, எங்கட கிணத்த இறைங்க எண்டு கைய இழுக்குது. இந்த அம்மா ஒராள்தான் கால உள்ள விட்டுக்கொண்டு இரிக்கிறா!"

நாற்றம்

மழைக்கு முன்பு மணலை மூட வேண்டும் என்றார் மிஸ். வெறும் மணலில் வெயில் விழுந்தால் உப்பு மேலே ஏறுமாம். எதைக்கொண்டு மூடுவது? பச்சை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. வாவியின் மேல்பக்கத்தில், நல்ல தண்ணீர் வந்து விழும் இடங்களில், ஆற்றுவாழை, மிதந்து படரும் ஆகாயத்தாமரைதான், அடைத்துக் கிடந்தது. தோணி போகவிடாது, வலை போடவிடாது. அதை இழுத்துவர வேண்டும் என்றதும் அருமைத்துரை சிரித்தார். பிறகு தன் தோணியைத் தந்தார். ஆற்றுவாழை, மாட்டுப்பட்டிச் சாணகம், கரையில் ஒதுங்கிய மீன்கழிவு, எல்லாம் அடுக்கு அடுக்காகக் குவித்தோம். ஒரு கிழமையில், ஏழே நாளில், நாறத் தொடங்கிற்று. செயலமர்வுக்கு வந்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி றோட்டுக்குப் போய்விட்டாள். எல்லாருக்கும் தெரியும் ஏன் என்று. கடல் வந்து போன அந்த நாட்களில் கரை முழுவதும் அடித்த நாற்றம் அது. மலர் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்று மிஸ் பாடம் நடத்தவில்லை. நாங்கள் காய்ந்த தென்னோலையைக் கொண்டுவந்து குவியலை நன்றாக மூடினோம்.

அடுத்த கிழமை போனேன். நாற்றம் இல்லை. காலை வெயிலில் குவியலின் உச்சியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தீ இல்லை. மிஸ் என் கையைப் பிடித்து உள்ளே விடச் சொன்னார். விட்டேன். உடனே இழுத்தேன். காய்ச்சல்காரனின் நெஞ்சைவிடச் சூடு. அழுகிப் போகிற ஒரு சாமான் உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டு கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர் அதற்குள் வேலை செய்கிறது என்றார் மிஸ். நான் களஞ்சியத்தில் மூட்டை மூட்டையாகப் பசளை பார்த்தவன். ஒரு மூட்டையிலும் உயிர் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சனம் ஒவ்வொருவராக வந்து கையை விட்டு, இழுத்து, திரும்பவும் விட்டார்கள். கோயிலில் கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்வதுபோல் இருந்தது. அருமைத்துரை தன் பங்குக்குத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்: "எங்கட வலையக் கிழிச்ச சனியன், இப்ப இஞ்ச வந்து ஒழுங்கா வேலைக்குச் சேந்திரிக்கி."

போத்தல்

மாரி பிடித்தது. முன்பெல்லாம் மலரின் வளவில் விழுகிற மழை வடிகால் கான் வழியே றோட்டுக்கு ஓடி, றோட்டிலிருந்து வாவிக்கு ஓடிவிடும். அந்த வருசம் நாங்கள் கானை அடைத்து, வளவு முழுக்க ஆழமில்லாத பள்ளங்கள் வெட்டி, குவியலில் மக்கியதைப் பரப்பி மூடாக்குப் போட்டிருந்தோம். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே இறங்கிற்று. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. கிணற்றில் என்ன நடக்கிறது என்று பார்க்க வின்சன்டைக் கூட்டிவந்தேன். வின்சன்ட் டவுனில் இருக்கும் பறங்கியர், தச்சு வேலை, இரும்பு வேலை எல்லாம் செய்வார். எங்கள் மண்வெட்டிகளுக்குப் பிடி போடுகிறவர். ஒரு போத்தலின் அடியில் ஈயக்கட்டி கட்டி, மூடிக்குத் தனியாக ஒரு நூல் போட்டுக் கொண்டுவந்தார். போத்தலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி நூலைச் சுண்டினால் மூடி கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் உள்ளே போகும்.

அடியிலிருந்து எடுத்தார். நடுவிலிருந்து எடுத்தார். மேலிருந்து எடுத்தார். மூன்று கிளாஸில் ஊற்றி வாங்குப் பலகையில் வைத்தார். பார்வைக்கு மூன்றும் ஒன்று. முதல் கிளாஸ் கடல். இரண்டாவது, உப்புக் கூடின கஞ்சி. மூன்றாவதைக் குடித்துவிட்டு நான் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. மழை. அசல் மழை. ஒரே கிணறு, ஒரே வட்டம், நடுவில் ஒரு தகரமோ பலகையோ இல்லை. கடலுக்கு மேலே மழை அலுங்காமல் நிற்கிறது. தண்ணீருக்கு மாடி உண்டு என்பது இந்த வயதில்தான் தெரிந்தது. சுதா குடித்தாள். மலர் குடிக்காமல் கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிராம சேவகர் வந்து குடித்தார், இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடித்தார், இருந்துகொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த வளவில் சட்டம்: சின்ன ஓலைப்பட்டை, கையால், மேலாக அள்ள வேண்டும். வின்சன்ட் போத்தலைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், எங்கட கலியாண வீட்டுல மூணு தட்டுக் கேக் வைப்பம். மேல்தட்ட மட்டும் ஆரும் அவசரப்பட்டு வெட்டப்படாது. இதுவும் அப்பிடித்தான்."

புழு

அடுத்த வருசம் சுதா ஒரு மண்புழுவைக் கண்டாள். பசளிக் கீரைக்குப் பள்ளம் தோண்டும்போது. அவள் போட்ட சத்தத்தில் பாம்பு என்று தடியோடு ஓடினேன்.

உங்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. கருவாடு போடும் மணலில் புழு. மிஸ் அதை ஒரு வாழையிலைத் துண்டில் எடுத்து வைத்தார். செயலமர்வுக்கு வந்த சனம் வரிசையாக நின்று பார்த்தது. ஒருவர் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். எங்கிருந்து வந்தது? சாணகத்தோடு வந்ததோ, வேர்மண்ணோடு வந்ததோ, யாரும் அழைக்கவில்லை. வந்து, மணலைத் தின்று, கறுத்த மண்ணாக வெளியே விட்டுக்கொண்டு, தன்பாட்டில் இருந்திருக்கிறது. அருமைத்துரை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மிஸ், பாத்து முடிஞ்சா இத எனக்குத் தருவீங்களா? தூண்டிலுக்கு ஒண்டும் அம்பிடுதில்ல."

அடுத்தவன் தின்ற வாழை

பிறகு படுவான்கரையில் சண்டை மூண்டது. வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் சனம் மாட்டை விட்டு, விளைந்த நெல் வேளாண்மையை வயலில் விட்டு, வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து கூடாரங்களில் விழுந்தது. என் வீட்டாரும் அதற்குள்தான். செயலமர்வு எல்லாம் நின்றது. ஒரு நாள் மிஸ் வந்து, முகாமில் நடத்துவோம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு சாண் நிலம் இல்லாதவனுக்கு நிலத்தைப் பற்றி என்ன பாடம்? மிஸ் குளிக்கும் இடத்தைக் காட்டினார். குளித்த தண்ணீர் ஓட வழியில்லாமல் சேறாகி, கடிக்கிற நுளம்பு பெருகி, பிள்ளைகளுக்குச் சொறி. அந்தத் தண்ணீரை ஒரு பெரிய வட்டக் குழிக்குள் விட்டு, குழியில் குப்பை கூளம் நிரப்பி, சுற்றிவர வாழை நடலாம் என்றார். கூட்டத்தில் முன்னால் இருந்த மூத்ததம்பி எழும்பினார். ஊர் வயல்வெளி வட்டையில் நல்ல வயல் வைத்திருந்த மனிதர், இப்போது இடுப்பில் கட்டின சாரத்தோடு மட்டும் நிற்கிறார். "நாளைக்கு ஊருக்குப் போறவனுக்கு வாழை என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் வெட்டத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் நிழல் விழுந்தது. மூத்ததம்பி. "அண்ணே, நீங்க மண்ண வெட்டுறீங்களா, சொறியுறீங்களா? தாங்க இஞ்ச" என்று மண்வெட்டியைப் பறித்தார். பிறகு அவர் அந்தக் குழியை விட்டு நகரவில்லை. அழுக்குத் தண்ணீர் உள்ளே போயிற்று. போனது போனதுதான், சேறு காய்ந்தது, நுளம்பு குறைந்தது. வாழை ஆள் உயரத்துக்கு வந்தது. கூடாரங்களுக்கு நடுவில் அந்தப் பச்சையைப் பார்க்கச் சனம் காரணமில்லாமல் வந்து நின்றது. சிலர் புது இலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்களை ஊருக்கு அனுப்பிய நாளில் வாழை அப்போதுதான் பூப்பொத்தி தள்ளியிருந்தது. அந்தக் கூடாரங்களுக்கு வேறு சனம் வந்தது. பழம் அவர்களுக்கு. கவலையா என்று பஸ்ஸடியில் மூத்ததம்பியைக் கேட்டேன். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "தின்னுறவன் தின்னட்டும் அண்ணே. நட்டது ஆரெண்டு கேட்டா மட்டும் என்ர பேரச் சொல்லச் சொல்லுங்க."

சம்பந்தி வீட்டு உதவி

சண்டை முழுதாக முடிந்தது. முடிந்தது என்று சொன்னார்களே தவிர ஊரில் சந்தோசச் சத்தம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தேடுவதற்கு ஒரு ஆள் இருந்தது. அந்த வருசம் ஆவணியில் சுதாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மூத்ததம்பியின் அக்கா பொன்னம்மாவின் மகன். கல்லடியில் வீடு கட்ட வந்த மேசன் பொடியன். மலரின் வளவு அப்போது பார்க்க வேண்டிய ஒன்று. புதிய சின்ன வீடு, புடோலைப் பந்தல், பசளி வேலி, வாழை. பலாவும் வைத்திருந்தாள். தனக்கு மூலையில் ஒரு குடிலும் போட்டுக்கொண்டாள். வளவைப் பார்த்த அன்றே பொன்னம்மா வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிவிட்டாள்.

கலியாணத்துக்கு முந்திய கிழமை. மலரும் சுதாவும் சேலை எடுக்க டவுனுக்குப் போயிருந்தார்கள். நான் பந்தலுக்குத் தரப்பாள் கொண்டுபோனேன். றோட்டிலேயே இயந்திரச் சத்தம் கேட்டது. வளவுக்குள்ளிருந்து குழாய் வழியே தண்ணீர் றோட்டுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மூத்ததம்பி, இடுப்பில் துண்டு, முகம் முழுக்கச் சந்தோசம். வாடகைக்குப் பம்ப் எடுத்து, லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றி, வாவியைச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் செய்கிற உதவி. எங்கள் படுவான்கரையில் கலியாண வீட்டுக் கிணற்றைக் கட்டாயம் இறைத்துச் சேறு வாருவார்கள், இறைக்காவிட்டால் ஊர் சிரிக்கும். அங்கே களிமண். இறைத்தால் புதுத்தண்ணீர் தெளிவாக ஊறும். முகாமில் மனிதர் வாழைக்குழி படித்தாரே தவிர, கல்லடி மணலை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பாருங்க அண்ணே, ஊசி விழுந்தாலும் தெரியும்" என்றார். எட்டிப் பார்த்தேன். அடி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஓரத்திலிருந்து ஊறிக்கொண்டிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல்.

பம்பை நிற்பாட்டினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத முடியாது. மூத்ததம்பிக்கு முதலில் விளங்கவில்லை. நான் பிடித்திருந்த வாளியை வாங்கிக் குடித்துப் பார்த்தார். அந்த மனிதருடைய முகத்தை நான் பிறகு பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மலர் சேலைப் பையோடு வந்தாள். கிணற்றுக்குள் பார்த்தாள். ஏசவில்லை. அதுதான் மூத்ததம்பியைக் கொன்றது. பின்னேரம் பொன்னம்மா வந்தாள். ஒரு வாய் எடுத்தாள், துப்பினாள், தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மலரிடம் திரும்பினாள்: "பிழை எங்கட பக்கம்தான் மச்சாள், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா உப்புத் தண்ணியில என்ர புள்ளையக் குடிவைக்க ஏலாது. தண்ணி திரும்பாட்டி மறுகா ஒரு நாளப் பாப்பம்."

காவல்

மறுகா ஒரு நாள் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வராத நாள். மாரிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இல்லை. மிஸ் வந்தார், அடியிலும் மேலேயும் எடுத்துப் பார்த்தார். மேலும் உப்பு. என்ன செய்யலாம் என்று மலர் கேட்டாள். "ஒண்டும் செய்யக் கூடாது" என்றார் மிஸ். சுற்றிவர மணலுக்குள் இத்தனை மாரி மழை இறங்கி நிற்கிறது. தொடாமல் விட்டால் அது மெல்ல வந்து உப்பைக் கீழே அமத்தும். எப்போது? கலியாணத்துக்கு முன்பா? சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிசி.

மூத்ததம்பி ஒரு கதிரையைக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டு இருந்துவிட்டார். கிணற்றுக்கு அவரே மூடி. பட்டையோடு யார் வந்தாலும் எழும்பி நிற்பார். கை கழுவ வந்த என்னையும் விடவில்லை. சமையல்காரர் சண்டை பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அப்போதுதான் அந்த ஒழுங்கை வழியே இருந்த வீட்டுச் சனம் வரத் தொடங்கியது. எங்கள் செயலமர்வில் மணலைத் தின்று துப்பினவர்கள். தங்கள் கிணறுகளிலிருந்து மேலாக அள்ளிய தண்ணீர், குடம் குடமாக. யாரும் அழைக்கவில்லை. அருமைத்துரை ஒரு பீப்பாயைத் தோணியில் வைத்து இழுத்துவந்தார். மூத்ததம்பி கதிரையில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்தார். ஒரு தரம் என்னைக் கூப்பிட்டு, மழை இல்லாத ஆவணியில் இந்த மணலில் வாழை எப்படி வாடாமல் நிற்கிறது என்று கேட்டார். மூடாக்கைக் கிளறிக் காட்டினேன். கையை வைத்தார். ஈரம். கையை எடுக்காமல் கன நேரம் குந்தியிருந்தார்.

கலியாண நாள் காலை. மேளகாரர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்துவிட்டார்கள், ஆனால் பொன்னம்மா வாசல் படலையைத் தாண்டியதும் பந்தலுக்குள் போகவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனாள். மூத்ததம்பி எழும்பி மறித்தார். "தள்ளுடா" என்றாள். தள்ளினார். கயிற்றில் செம்பைக் கட்டி மேலாக ஒரு செம்பு அள்ளினாள். மேளம் நின்றுவிட்டது. மலர் குடில் வாசலில் நின்றாள், கை இரண்டும் வாயில். சுதா ஜன்னலுக்குள்ளே, தலையில் பாதிப் பூவோடு. பொன்னம்மா ஒரு வாய் எடுத்து வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். விழுங்கினாள். திரும்பவும் செம்பைத் தூக்கி, அண்ணாந்து, மிச்சத்தை முழுக்கக் குடித்தாள். நான் கிணற்றைப் பார்த்தேன். ஒரு சொட்டு மழை இல்லை, ஒரு மனிதக் கை படவில்லை. தானாகத் தேறிக்கொண்டு நிற்கிறது. என்னை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தேன். பொன்னம்மா வாயைத் துடைத்துவிட்டு மலரைப் பார்த்துச் சொன்னாள்: "மச்சாள், தண்ணி நல்லம், மேளத்த அடிக்கச் சொல்லு. இனி இந்த வளவுக்குள்ள ஆரும் பம்ப் கொண்டுவந்தா, என்ர தம்பியா இரிந்தாலும் படலையத் திறக்காத."

இத்தனை செயலமர்வுகளுக்குப் பிறகு எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: மண்ணுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, உதவி செய்ய வருகிறவனைப் படலையடியில் மறித்து ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்புவது.